அழித்த பின் ஓடிய தூரம்

வெள்ளியென்றால் உரசிப் பார்த்துவிடுவேன்.
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில்
பதினோரு வருடமாகக் கணக்கெழுதுகிறவள்.
கல்லில் ஒரு கோடு, அதன்மேல் ஒரு சொட்டு.
செம்பு எவ்வளவென்று கோடே சொல்லிவிடும்.
இதை எந்தக் கல்லில் உரசுவது?

பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறதாம்.
தூக்கிப் பார்க்க முடியாது.
தட்டிப் பார்த்தாலும் சத்தம் வராது.
"டாக்டர் வண்டிங்க அம்மிணி, ஒரே ஓனர்.
பெட்ரோலும் பேட்டரியும் மாத்தி மாத்தி இழுக்கும்,
உங்களுக்குத் தெரியவே தெரியாது" என்கிறார் வையாபுரி.

தெரியாதுதான்.

உள்ளே சந்தன வாசனை,
டேஷ்போர்டில் நேற்றுத் தடவிய மினுமினுப்பு.
பின்சீட்டோரத்துக் காற்றுச் சல்லடையில் மட்டும்
துடைக்க மறந்த நாய் முடி. வெள்ளை நாய்.
பேட்டரி மூச்சு விடுவது அது வழியாகத்தான்,
அங்கே குனிந்து பார் என்று
இருதயராஜ் சொல்லி அனுப்பியிருந்தான்.

விலை ஆறேகால்.
என்னிடம் இருப்பது இரண்டு சீட்டு எடுத்த பணமும்
எடுக்காத மூன்றாவது சீட்டின் நம்பிக்கையும்.
புதுப் பேட்டரி மட்டும் நாலு லட்சத்துக்கு மேல்.
செல்லை மாற்றிக் கட்டித் தருகிறவன் ஒருவன் இருக்கிறான்,
ஆறு மாதம் தாங்கும்,
பிறகு பக்கத்துச் செல் படுக்கும்.

அடிவாரத்தில் திரையில் எட்டுக் கோடு.
ஏழாவது கொண்டை ஊசி வளைவில் மூன்று.
எஞ்சின் கத்த ஆரம்பித்தது.
என் முதுகுக்குப் பின்னால் ஒரு விசிறி
காய்ச்சல்காரன் போல மூச்சு வாங்கியது.
"ஏசி சத்தமுங்க."
ஏசி போடவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒண்டிக்கடை ரவுண்டானாவில் அவர் டீக்கு இறங்கினார்.
யாரோ போனில் கடனைக் கேட்டார்கள்,
"நாளைக்குள்ள தந்தர்றேனுங்க, இன்னிக்கு ஒரு வண்டி முடியுது"
என்றார், என் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு.
ஸ்டியரிங்குக்குக் கீழே கை விட்டு
இருதயராஜ் கொடுத்த விரலளவுக் கருவியைச் செருகினேன்.
பிழை எதுவும் இல்லை என்றது செல்போன்.
இன்னும் கீழே தள்ளினேன்.

அழித்த பின் ஓடிய தூரம்: முப்பத்தாறு கிலோமீட்டர்.

சீலநாயக்கன்பட்டி யார்டிலிருந்து என் வீடு,
வீட்டிலிருந்து அஸ்தம்பட்டி, அங்கிருந்து மலை.
கூட்டிப் பார்த்தேன். மிச்சம் வரவில்லை.
ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ஓடிய வண்டிக்கு
இன்று காலையிலிருந்துதான் ஞாபகம்.

இறங்கும்போது நானே ஓட்டினேன்.
பிரேக்கை மிதிக்க மிதிக்க நிறைந்தது.
இருபதாம் வளைவில் இரண்டு கோடு,
பதினைந்தில் ஆறு,
பன்னிரண்டில் தளும்பத் தளும்ப.
"பாத்தீங்களா, எப்படி ஏறுது!" என்றார் சந்தோஷமாக.

தூர் வாராத வருடங்களில்
கன்னங்குறிச்சி ஏரியும் இப்படித்தான்,
ஒரே மழையில் நிறைந்துவிடும்.
ஊரே கரைக்கு வந்து வேடிக்கை பார்க்கும்.
பத்தே நாளில் மாடு நடுவில் நிற்கும்,
குளம்பு நனையாமல்.

அடிவாரத்தில் இறங்கிக்கொண்டேன்.
"பேட்டரி விலையைக் கழிச்சுக்கிட்டா எடுத்துக்கிறேன்" என்றேன்.
அவர் சிரித்தார், கோபமில்லாமல்.
ஞாயிற்றுக்கிழமை ஆத்தூர்ப் பார்ட்டி ஒன்று வருகிறதாம்,
பாவம், மலையெல்லாம் கேட்காத பார்ட்டி.

அவர் கொய்யாப்பழம் பேரம் பேசிய நேரத்தில்
டேஷ்போர்டு அறையைத் திறந்து
பிளாஸ்டிக் உறை பிரியாத கையேட்டுக்குள்
பட்டறை ரசீதின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன்:
ஏறும்போது இல்லை, இறங்கும்போது பாருங்கள்.
சீக்கிரம் நிறைகிறது.

டவுன் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது.
கோரிமேடு வரும்போதுதான் உறைத்தது,
அந்தப் புத்தகத்தை யாருமே
சிவப்பு விளக்கு எரிந்த பிறகுதான் திறக்கிறார்கள்.